அண்டை வீட்டார் உறங்க, நம் வீட்டில் அதிரும் கிட்டார்

வாஷியில் வாழும் நம்மவர் இல்லங்களில் இந்நாளில் புதுவகைச் சச்சரவு ஒன்று தலைதூக்கியிருக்கிறது. முன்னாளில் பிள்ளைகள் பாடம் படியாமல் சினிமாவுக்குப் போவதையும், பந்தாடி அடுத்த வீட்டுச் சாளரக் கண்ணாடியை உடைப்பதையும் எண்ணியே பெற்றோர் கவலையுற்றனர். இன்றோ, கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை மின்சாரக் கிட்டார் ஒன்று வேண்டுமெனக் கேட்கிறான். வாங்கித் தந்த மறுமாதமே கட்டடச் செயலாளரிடமிருந்து கடிதம் வருகிறது. இசையை வளர்ப்பதா, அண்டை வீட்டாரின் அன்பைக் காப்பதா என்று தெரியாமல் திகைப்போர் பலர். நாமும் அவ்வாறு திகைத்தவர்களுள் ஒருவர். ஆதலின், பட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் அன்பர்கள்முன் வைக்கத் துணிகின்றோம்.

வந்தது கடிதம்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, 1992-ஆம் ஆண்டில் மான்குர்ட்டிலிருந்து கழிமுகத்தைக் கடந்து மின்ரயில் வந்தபின், வாஷியை நாடிக் குடியேறின. நம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இரண்டே அறைகள், ஒரு கூடம். சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம், தரைக்குக் கீழே ஒரு குடும்பம். கீழ்வீட்டில் மராத்தி மூதாட்டி ஒருவர். கட்டடம் முழுவதும் அவரை 'ஆஜி' என்றே அழைக்கும். இதயநோய்க்கு மருந்துண்டு, இரவு ஒன்பது மணிக்கே படுக்கச் செல்பவர்.

நம் மகனும் அவன் நண்பர் மூவரும் சேர்ந்து நான்கு பாடல்கள் இயற்றியிருந்தனர். 'மெட்டல்' என்று பெயர் பெற்ற, இடிபோல் முழங்கும் இசை அது. ஸ்டூடியோ வாடகை அவர்கள் கைக்கு எட்டாதது. வீட்டிலேயே பதிவு செய்வோம் என்று முடிவு செய்து, நண்பன் ஒருவனின் ஒலிப்பெருக்கியைக் கொணர்ந்து நம் படுக்கையறையில் வைத்தனர். முதல் நாள் மாலையிலேயே சுவரில் மாட்டியிருந்த படங்கள் அதிர்ந்தன. மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அதைவிடத் துயரம், ஆஜியே படியேறி வந்து, கோபமின்றி, "எனக்கு நெஞ்சு படபடக்கிறது, மகனே" என்று சொல்லிச் சென்றதுதான்.

நாம் வெகுண்டோம். "கிட்டாரை விற்றுவிடு" என்று ஒரே சொல்லில் தீர்ப்புரைத்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். பத்து நாள் வீட்டில் பேச்சே இல்லை. நெல்லையிலிருந்து வந்திருந்த நம் அன்னையார்தாம் இறுதியில் வாய் திறந்தார்: "ஏலே, பய முகமே சரியில்ல. சத்தம் போடாம வாசிக்க ஒரு வழி கெடையாதா?"

அவ்வினா நம்மைச் சிந்திக்க வைத்தது. வழி உண்டா என்று தேடத் தொடங்கினோம்.

சட்டமும் சுவரும்

முதலில் சட்டம். ஒலி மாசு குறித்த மைய அரசின் விதிகள் 2000-ஆம் ஆண்டில் பிறந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அவை வகுத்த எல்லை. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம். அங்கே எல்லை இன்னும் தாழ்ந்தது. இவ்விதிகளுக்குப் பெருநகரின் பேரரங்குகளே பணிந்தன. தோபி தலாவில் ரங் பவன் என்னும் திறந்தவெளி அரங்கு உண்டு. 1986-இல் தொடங்கிய 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா அங்கே பல்லாண்டு நடைபெற்றது. கல்லூரியும் மருத்துவமனைகளும் சூழ்ந்த இடமாதலின், அமைதி மண்டல விதிகளால் அத்தகைய கச்சேரிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு ஓய்ந்தன. அரங்குக்கே அந்நிலையெனின், படுக்கையறைக்குச் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்து இயற்கையின் சட்டம். கிட்டார் ஸ்பீக்கர்கள் பல, ஒரே ஒரு வாட் மின்திறனுக்கே ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபலை நெருங்கும் ஓசை தருவன. 100 வாட் ஒலிப்பெருக்கியை விடுத்து 1 வாட் பெருக்கி வாங்கினால் ஓசை நூறில் ஒரு பங்காகிவிடும் என்று நாம் எண்ணுகின்றோம். அது தவறு. குறைவது 20 டெசிபல் மட்டுமே. செவிக்கு ஏறத்தாழக் கால் பங்காகத் தோன்றும். அதுவும் அண்டை வீட்டாருக்கு மிகுதியே.

சுவர் தடுக்காதா எனின், உயர்ந்த சுருதியை ஓரளவு தடுக்கும். தாழ்ந்த சுருதியைத் தடுப்பது அரிது. கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்வது. அவ்வொலியலையின் நீளம் நான்கு மீட்டருக்கும் மேல். அது சுவரையும் தளத்தையுமே அசைத்துக்கொண்டு அடுத்த வீட்டில் இறங்கும். நம் மகன் முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்ட முற்பட்டான். பலரும் செய்யும் பிழை இது. அட்டையும் பஞ்சும் அறைக்குள் எழும் எதிரொலியைச் சிறிது குறைக்குமேயன்றி, வெளியே செல்லும் ஓசையைத் தடுக்கா. ஓசையைத் தடுப்பது கனமும் இடைவெளியுமே. சுவருக்குள் இன்னொரு சுவர் எழுப்ப இரண்டறை வீட்டில் இடமேது?

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். நாகசுரமும் தவிலும் வீதியுலாவுக்கும் கோவில் மண்டபத்துக்கும் உரியவை. வீணை இல்லத்துக்கு உரியது. நம் மகன் செய்தது, வீணைக்குரிய அறையில் நாகசுரத்தை ஊதியதற்கு ஒப்பாகும்.

முழக்கம் பிறக்கும் இடம்

ஆயினும் மின்சாரக் கிட்டாருக்கு நாகசுரத்துக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. அதன் முழக்கம் காற்றில் பிறப்பதன்று, கம்பியில் பிறப்பது. எஃகுத் தந்தி காந்தத்தின் அருகே அதிர, காந்தத்தைச் சூழ்ந்த கம்பிச்சுருளில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. 1831-இல் பாரடே கண்ட மின்தூண்டல் தத்துவமே இது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சமும் ரிக்கன்பேக்கரும் இதனைக் கிட்டாரில் அமைத்து வெற்றி கண்டனர். அந்த மின்னோட்டத்தை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அலையின் முடிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையே 'டிஸ்டார்ஷன்' எனப்படும் முரட்டு நாதம்.

இந்நாதத்தின் வரலாற்றில் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்த டோனி அயோமி என்னும் இளைஞர், 17-ஆம் வயதில் இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. விரல்களுக்குத் தாமே உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். 1970-இல் வெளிவந்த 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தட்டு, இக்கனத்த இசைக்கு அடிகோலியது என்பர். ஆலைத் தொழிலாளியின் காயத்திலிருந்து வளர்ந்த இசையை வெறும் இரைச்சல் என்று நாம் இகழ்ந்தது முறையன்று என அன்று உணர்ந்தோம்.

முழக்கம் கம்பிக்குள்ளேயே பிறப்பதாயின், அதைக் காற்றில் விடாமல் கம்பிக்குள்ளேயே பதிவு செய்யலாமன்றோ? இதனை ஒருவர் நமக்கு முன்னரே சிந்தித்திருக்கிறார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற டாம் ஷோல்ஸ், போலராய்டு நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே, தம் வீட்டு நிலவறையில் பாடல்களைப் பதிவு செய்துவந்தார். அவற்றிலிருந்து உருவாகி 1976-இல் வெளிவந்த 'பாஸ்டன்' இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 இலட்சம் என்ற அளவில் விற்றது. பின்னர் அவர், ஒலிப்பெருக்கியின் திறனை உறிஞ்சி ஓசையை அடக்கும் 'பவர் சோக்' என்னும் கருவியையும், 1982-இல் ஹெட்போனில் முழக்கம் தரும் 'ராக்மேன்' என்னும் சிறு பெட்டியையும் செய்து விற்றார்.

நம் நாட்டிலும் சான்றுகள் உள. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் தம் இல்லத்தை ஒட்டி 1989-இல் அமைத்த பஞ்சதன் பதிவகத்திலிருந்துதான் 1992-இல் 'ரோஜா'வின் இசை வந்தது. தில்லியில் கேசவ் தர் என்னும் இளைஞர் தம் இல்லத்துப் பதிவறையில் தனியொருவராகத் தொடங்கிய முயற்சியே 'ஸ்கைஹார்பர்' குழுவாக வளர்ந்து, 2012-இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய 'ருத்ரா' குழு, வேத மந்திரங்களையே இக்கனத்த இசையில் இழைத்துப் பாடியது. மின்சாரத் தந்திக் கருவி நமக்கு அயலதன்று என்பதை மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சபைகளிலேயே நிலைநாட்டிச் சென்றாரன்றோ?

ஓசையின்றிப் பதியும் முறை

இனி, செய்முறைக்கு வருவோம். நம் மகன் கற்று, நமக்குக் கற்பித்தவை இவை.

வேண்டுவன நான்கு: கிட்டார், கணினி, 'ஆடியோ இண்டர்ஃபேஸ்' என்னும் சிறு பெட்டி, நல்ல ஹெட்போன். கிட்டாரின் கம்பியை அப்பெட்டியில் 'இன்ஸ்ட்ருமெண்ட்' என்று குறித்த துளையில் செருகவேண்டும். மைக்குக்கு உரிய துளையில் செருகினால் நாதம் மங்கிப்போகும். ஓசையளவை மிக உயர்த்தாமல், மிகப் பலமாக மீட்டும்போதும் சிவப்பு விளக்கு எரியாதவாறு வைத்துக்கொள்ளவேண்டும். முரட்டு நாதம் கணினியில் சேரவேண்டுமேயன்றி, பெட்டியின் நுழைவாயிலில் வெட்டுண்டு வரலாகாது.

கணினிக்குள் ஒலிப்பெருக்கியின் வேலையைச் செய்யும் மென்பொருள்கள் பல உள. 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்பது கட்டணமின்றியே கிடைப்பது. மெய்யான ஒலிப்பெருக்கி எவ்வாறு ஒலிக்கிறது என்பதை நரம்புவலைக் கணக்கின் வழியே கற்று, அதனையே மீண்டும் செய்து காட்டுவது.

இங்கே பலர் இடறுகின்றனர். பெருக்கியின் மென்பொருளை மட்டும் போட்டால் வருவது முழக்கமன்று. டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டின் ரீங்காரம். காரணம் யாது? கிட்டார் ஸ்பீக்கர் என்பது நொடிக்கு 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அவ்விழுங்கலே நாதத்துக்கு இனிமை. ஆகவே ஸ்பீக்கர் பெட்டியின் வேலையையும் கணினியே செய்யவேண்டும். இதற்கு 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்னும் கோப்பு உதவும். ஸ்பீக்கர் பெட்டியின் முன் மைக் வைத்து, அப்பெட்டி ஒலிக்கும் தன்மையைப் படமெடுத்ததுபோல் பதிந்துவைத்த கோப்பு அது. நம் மகன் முதல் வாரம் முழுவதும் இதனை அறியாமல் வருந்தினான். இக்கோப்பைச் சேர்த்த நொடியில், "அப்பா, வந்துவிட்டது!" என்று கூவியது இன்றும் நினைவில் நிற்கிறது.

வால்வு ஒலிப்பெருக்கி உடையவர்க்கு ஓர் எச்சரிக்கை. ஓசை வேண்டாமென்று ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கிவிட்டு அதனை இயக்கலாகாது. உள்ளேயுள்ள டிரான்ஸ்ஃபார்மர் பழுதுபட்டுவிடும். ஸ்பீக்கருக்கு ஈடாக 'லோடு பாக்ஸ்' என்னும் பெட்டியைப் பூட்டியே இயக்கவேண்டும்.

மீட்டியதும் ஒலி செவிக்கு வரச் சிறிது காலந்தாழும். 48,000 மாதிரி வேகத்தில், 128 மாதிரிகளாகப் பகுத்தால், ஒரு பகுதிக்கு ஆகும் காலம் ஏறத்தாழ 2.7 மில்லிநொடி, ஒலி காற்றில் ஒரு மீட்டர் அளவு செல்லும் நேரமே. போய்வரும் வழி முழுவதையும் கூட்டினாலும், மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் ஸ்பீக்கரை வைத்து வாசிப்பதற்குச் சமம். அதற்கு மேல் தாழ்ந்தால் விரலுக்கும் செவிக்கும் பிணக்கு உண்டாகும்.

இரைச்சலும் ஒரு பகை. முழக்கத்தைப் பெருக்கும்போது மின்கம்பியின் 50 சுழற்சி ரீங்காரமும் உடன் பெருகும். இரட்டைச் சுருள் கொண்ட 'ஹம்பக்கர்' பிக்கப் அதனைப் பெரிதும் நீக்கும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் வடிவமைத்தது அது. மின்விசிறியின் ரெகுலேட்டரையும் விளக்கின் டிம்மரையும் அணைத்துவிட்டு, சற்றே திரும்பி அமர்ந்தாலே எஞ்சிய ரீங்காரம் பாதி அடங்கும். நில இணைப்புள்ள பிளக்கையே பயன்படுத்தவேண்டும்.

இனி, கனம் எங்கிருந்து வருகிறது? ஓசையை ஏற்றுவதால் அன்று. ஒரே பகுதியை இரு முறை தனித்தனியே வாசித்து, ஒன்றை இடச்செவிக்கும் மற்றதை வலச்செவிக்கும் ஒதுக்கவேண்டும். ஒரு முறை வாசித்ததையே படியெடுத்து இருபுறமும் வைத்தால் பயனில்லை. அது நடுவில் நின்று சற்று உரக்க ஒலிக்கும், அவ்வளவே. இரு வாசிப்புக்கும் இடையேயுள்ள நுண்ணிய வேறுபாடே அகலத்தைத் தருகிறது. முரட்டுத்தன்மையையும் தனியே வாசிக்கும்போது வைப்பதைவிடக் குறைத்தே வைக்கவேண்டும். கூடினால் தெளிவு கெடும். 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை வெட்டிவிட்டு அவ்விடத்தைப் பேஸ் கிட்டாருக்கு விட்டுக்கொடுக்க, இரண்டும் சேர்ந்து பாறைபோல் நிற்கும். கூட்டுக் குடும்பத்தில் விட்டுக்கொடுப்போர் கெட்டுப்போவதில்லை என்பது இசைக்கும் பொருந்தும்.

கலவை செய்யும்போது நினைவில் வைக்கவேண்டிய உண்மை மற்றொன்று. மெல்லிய ஓசையில் நம் செவி தாழ்ந்த சுருதியைக் குறைவாகவே கேட்கும். பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இலேயே இதனை அளந்து காட்டினர். ஆகவே, இரவில் மெல்லக் கேட்டுப் "பேஸ் போதவில்லை" என்று ஏற்றிவிட்டு, மறுநாள் பகலில் உரக்கக் கேட்டுத் திடுக்கிடுவோர் பலர். பெயர்பெற்ற பாடல் ஒன்றை அதே அளவு ஓசையில் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் கொள்வதே இதற்கு மருந்து.

மீண்டும் ஒரு புகார்

இவ்வளவும் செய்தபின் வீடு அமைதியுற்றது. மகன் ஹெட்போன் அணிந்து கட்டிலில் அமர்ந்து தலையசைக்கக் கண்ட நம் அன்னையார், "ஏலே, கரண்டு போயிட்டுதா? ஒரு சத்தமும் கேக்கலியே!" என்று வினவினார். வீடே நகைத்தது.

ஆனால் ஒரு வாரத்தில் ஆஜி மீண்டும் வந்தார். "இசை கேட்கவில்லை, ஆனால் இரவெல்லாம் யாரோ உரல் இடிப்பதுபோல் இருக்கிறது" என்றார். நாம் திகைத்தோம். பிறகுதான் விளங்கிற்று: தாளம் போடும் அவன் குதிகால்! செவியை மூடியவனுக்குத் தன் காலோசை கேட்கவில்லை. தளத்தின் வழியே அது நேரே ஆஜியின் தலைக்கு மேல் இறங்கியது. பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்துக் காலடியில் போட்டு, தாளத்தைக் கட்டைவிரலுக்கு மாற்றினான். அன்றோடு புகார் ஒழிந்தது.

பெற்றோர் கருதவேண்டியது இன்னொன்றும் உண்டு. அண்டை வீட்டார் செவியைக் காத்து, பிள்ளையின் செவியைக் கெடுத்துவிடலாகாது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஓசை கூடக் கூட நேரம் விரைந்து சுருங்கும். மணிக்கொரு முறை ஹெட்போனைக் கழற்றச் செய்வது தாய்தந்தையர் கடமை.

நான்கு மாதத்தில் நான்கு பாடல்களும் முடிந்தன. முதலில் யாருக்குக் கேட்கச் செய்வது? மகன் தன் ஆச்சியின் காதில் ஹெட்போனை மாட்டினான். எண்பது வயதைக் கடந்த அம்முகத்தை நாம் அச்சத்துடன் நோக்கி நின்றோம். சற்று நேரம் கண்களை மூடியிருந்தவர், கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நெல்லையப்பர் தேர் நகர்ற மாதிரி இருக்குலே. பாட்டுத்தான் ஒண்ணும் புரியல." மகன் முகத்தில் அன்று கண்ட ஒளியை அதற்கு முன் நாம் கண்டதில்லை. பத்து நாள் பேசாதிருந்த வீடு இதுதானா என்று எண்ணினோம்.

அன்பர்களே! வந்தேறிய ஊரில் நம் மதிப்பு அண்டை வீட்டார் உறக்கத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் மகிழ்ச்சி அவர்கள் விரும்பும் கலையில் இருக்கிறது. இரண்டில் ஒன்றைப் பலியிட்டே தீரவேண்டும் என்று நாம் கருதியது அறியாமை. "விற்றுவிடு" என்று சொல்லுமுன் "வழி உண்டா?" என்று கேட்டிருப்போமாயின் அப்பத்து நாள் துயரம் நேர்ந்திராது. கடிதம் வரும்வரை காத்திராமல், பிள்ளையை அழைத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கள் மகன் வாசிக்கிறான், தொல்லையானால் சொல்லுங்கள்" என்று ஒரு சொல் கூறி வருதல் எல்லாக் கருவிகளையும்விடச் சிறந்த கருவி.

நிறைகுடம் தளும்பாது என்பது நம் பழமொழி. இடிமுழக்கமும் அவ்வாறே அடங்கியிருந்து நிறையலாம் என்பதை நம் மகனிடம் கற்றோம். இன்று ஆஜி நம்மைப் படியில் கண்டால் கேட்பது ஒன்றே: "பையன் இப்போதெல்லாம் வாசிப்பதில்லையா?" ஒவ்வோர் இரவும் வாசிக்கிறான் என்று சொல்லி வணங்குகின்றோம்.